அட்டையில் ஏறிய வயசு

முப்பத்தெட்டாம் நம்பர் உள்ளே போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது, இன்னும் வெளியே வந்த பாடில்லை. இவர்களுடையது நாற்பத்து மூன்று. நடுவில் நாலு பேர். ஆளுக்கு அஞ்சு நிமிஷம் என்று வைத்தால்கூட இருபது நிமிஷம் இருக்கிறது, அதற்குள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துவிடலாம் என்று நாகஜோதி இரும்பு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர், ஒரு சின்ன விஷயம். வேண்டாம், சின்ன விஷயம் என்று ஆரம்பித்தால் அப்புறம் சொல்லும்மா என்று சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். டாக்டர், எங்க அத்தைக்கு எழுபத்து மூணு இல்லை, அறுபத்து ரெண்டு. முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும். வெளியே விழுந்துவிட்டால் அள்ளி உள்ளே போட முடியாது. போன மாசமும் இப்படித்தான் பஸ்ஸில் வரும்போதே பாடம் பண்ணிக்கொண்டு வந்தாள். அதற்கு முந்தின மாசமும். உள்ளே போனதும் டாக்டர் தலை நிமிராமலே மாத்திரை சாப்பிடுறாங்களா என்று கேட்டார், சாப்பிடுறாங்க சார் என்று வாய் தானாகச் சொன்னது, சீட்டு கைக்கு வந்தது, கால் தானாக ஏழாம் நம்பர் மருந்து ஜன்னலுக்கு நடந்தது. பஸ் கண்டக்டரையே சிரிக்க வைக்கிற வாய். குழாயடியில் நாலு பெண்களை ஒரே நேரத்தில் சமாளிக்கிற வாய். அந்த மேஜைக்கு முன்னால் மட்டும் மைதா பசை தடவினது போல ஒட்டிக்கொண்டுவிடுகிறது. எட்டு மணிக்குப் பாப்பாவுக்குப் பால் கொடுத்து அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தது, இப்போது பன்னிரண்டே கால். ரெண்டு மார்பும் கல்லாகிக் கிடக்கின்றன. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முழங்கையால் லேசாக அமுக்கினாள். வலித்தது. வலித்தால் நல்லது என்று நினைத்தாள். அத்தை மார்பில் இருக்கிற கட்டி வலிக்கவே இல்லை. அதுதான் கெட்டது என்று ஸ்கேன் எடுத்த பெண் சொன்னாள். வலிக்கிற கல் பால்கட்டு, வலிக்காத கல் அது. இந்த அஞ்சு மாசமாகக் குளிக்கிறபோதெல்லாம் நாகஜோதி தன் மார்பைத் தடவிப் பார்க்கிறாள். ஒன்பது மாசக் குழந்தை குடிக்கிற மார்பில் எங்கே தொட்டாலும் கட்டிதான், எது பால், எது வேற என்று யார் பிரித்துச் சொல்வார்கள்.

பக்கத்தில் ஒச்சம்மா மஞ்சள் பையின் பிரிந்த நூலை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். மாமியாரின் அந்த விரல்கள் சும்மா இருந்து நாகஜோதி பார்த்ததில்லை. மல்லிகைத் தோட்டத்தில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் ரெண்டு கிலோ மொட்டு மடியில் விழும், கூட வருகிற இளவட்டப் பெண்கள் ஒரு கிலோவுக்கு முக்குவார்கள். விரல் மட்டும் நகரும், ஆள் நகர்வது தெரியாது. அந்த விரல்கள் இப்போது நூலைக் கிள்ளுகின்றன. என்னத்தை யோசனை என்றாள் நாகஜோதி. ஒண்ணுமில்ல, இந்நேரம் பாப்பா முழிச்சிருக்கும், ஒங்கம்மா அதுக்குச் சீனித்தண்ணியக் கொடுத்து ஏமாத்திக்கிட்டு இருப்பா என்றாள் ஒச்சம்மா. சம்பந்தியைக் குறை சொல்ல ஒரு சாக்குக் கிடைத்தால் விடமாட்டாள். நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது மார்பு குலுங்கி வலித்தது. பாப்பாவை வைத்துத்தானே இதெல்லாம் தெரிய வந்தது. எப்போதும் இடது தோளில் போட்டுத் தட்டுகிற ஆள், ஒருநாள் வலது தோளுக்கு மாற்றினாள். பாப்பா தலையால் இடது பக்கம் முட்டினால் சட்டென்று கையைக் குறுக்கே வைத்தாள். ஒருநாள், ரெண்டு நாள், நாலாவது நாள் நாகஜோதி கதவைச் சாத்திவிட்டு என்னத்தை அங்க என்று கேட்டாள். ஒண்ணுமில்லத்தா, மாருல ஒரு கட்டி, சூட்டுக் கட்டியாத்தேன் இருக்கும். எம்புட்டு நாளா? ஒனக்குப் பிள்ளை பெறக்குறதுக்கு முன்னாடி இருந்து. பிள்ளைத்தாய்ச்சியை எதுக்குக் கலங்கடிக்கணும் என்று சொல்லவில்லையாம். அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்த தன் விரல் நுனியை நாகஜோதி இன்னும் மறக்கவில்லை. புளியங்கொட்டையைத் துணிக்குள் வைத்துத் தொட்டது போல இருந்தது. அதற்கு மேலே தோல் லேசாக உள்ளே குழிந்திருந்தது, உள்ளேயிருந்து யாரோ விரலால் பிடித்து இழுத்த மாதிரி.

முப்பத்தொன்பது என்று பலகையில் சிவப்பு எழுத்து மாறியது. ஒரு கிழவரும் அவர் மகளும் எழுந்து போனார்கள். இன்னும் மூன்று. அஞ்சு மாசத்துக்கு முன்னால் அந்த அறையில் நடந்தது ரெண்டு நிமிஷம் இருக்குமா, இருக்காது. டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், சாப்பிட்டாரோ இல்லையோ. சதை எடுத்துப் பரிசோதித்த காகிதத்தைப் புரட்டினார். எழுபத்து மூணா என்றார். நாகஜோதி பேசவில்லை, அவள் பேசாததுதான் பதில். ஆபரேஷன், கீமோ எல்லாம் இந்த வயசுல தாங்காதும்மா, மாத்திரை தர்றேன், தினம் ஒண்ணு, கட்டி அப்படியே கட்டுப்பட்டு இருக்கும். அப்புறம் அந்த வார்த்தை. வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்கங்க. நல்ல வார்த்தைதான், கோபமில்லை, அலட்சியம்கூட இல்லை. ஆனால் வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்கங்க என்று ஆஸ்பத்திரியில் யாருக்குச் சொல்வார்கள் என்று ஊருக்கே தெரியும். மேலத்தெரு தங்கமாயனுக்குச் சொன்னார்கள், கருமாதிக்கு நாகஜோதிதான் சோறு வடித்தாள். பாத்திரம் கழுவும்போது அந்த வார்த்தை வந்துவிடும். பாப்பாவுக்குத் துணி மாற்றும்போது வந்துவிடும். ஒச்சம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, படுக்கச் சொல்லவில்லை, தொடவில்லை. நர்ஸ் மட்டும் பாட்டி பாத்து எந்திரிங்க என்று கையைப் பிடித்தாள். யாரையாத்தா பாட்டிங்குது அந்தப் பொண்ணு என்று வெளியே வந்ததும் ஒச்சம்மா கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். அவள் தலை நரைத்து இருபது வருஷம் ஆகிறது.

அந்த நரைதான் நாகஜோதியை ஏமாற்றியது. ஏமாற்றியதா, இல்லை இவள்தான் கெட்டிக்காரத்தனம் பண்ணினாளா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் கேம்ப் போட்டபோது இவள் பதினொன்றாம் வகுப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வாத்தியார் இவளை மேஜையில் உட்கார்த்தி வைத்துத் தெருப் பெண்களுக்கெல்லாம் பாரம் நிரப்பச் சொன்னார். காலையில் இருந்து நாற்பது பாரம். பிறந்த தேதி எவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒன்றாம் தேதி ஒன்றாம் மாசம், ஊரே ஒரே நாளில் பிறந்தது போல. வருஷத்தை மட்டும் முகத்தைப் பார்த்துப் போட்டாள். அப்போது ஒச்சம்மா இவளுக்கு மாமியார் இல்லை, தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற அத்தை, அவ்வளவுதான். புருஷன் செத்து நாலு மாசம், நெற்றி வெறுமையாக, வாரப்படாத நரைத் தலையோடு வந்து நின்றாள். வயசு என்னத்தை? எனக்கென்னத்தா தெரியும், நீயே பாத்துப் போடு. வரிசையில் பின்னால் இருந்து யாரோ, பாவம், அறுபதுக்கு மேல போட்டா முதியோர் பென்ஷனாச்சும் வரும் என்றார்கள். பதினாறு வயசுக் கண்ணுக்கு நரைத்த தலை எல்லாம் அறுபதுதான். ஆனால் அறுபது என்று மொட்டையாகப் போட்டால் சந்தேகப்படுவார்கள், ஒன்று கூட்டிப் போடுவோம் என்று அறுபத்து ஒன்றுக்குக் கணக்காக வருஷத்தை எழுதினாள். அந்த ஒன்றைப் பற்றி எத்தனை பெருமை அவளுக்கு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். ஒச்சம்மாவுக்கு அப்போது ஐம்பது. ஐம்பதுதான் என்பது இவளுக்குப் பிறகு, இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான் தெரியும். ஒச்சம்மாவின் அண்ணன் பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடம் போனவர், மூன்று வருஷத்துக்கு முன்னால் அறுபதில் ரிட்டையர் ஆனார், ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட்டார். அண்ணனைவிட ஒச்சம்மா ஒரு வயசு இளையவள். விருந்தில் நாகஜோதிதான் வாயை அடக்க முடியாமல் சொன்னாள், அட்டைப்படி பார்த்தா தங்கச்சி அண்ணனுக்குப் பத்து வயசு மூத்தவுக என்று. பந்தியே சிரித்தது. ஒச்சம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பென்ஷன் வந்த புதிதில் அவள் இவளுடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், ஒம் மக கையெழுத்து ராசியான கையெழுத்து, அது எங்க வீட்டுக்குத்தேன் வரணும் என்று. வந்தது.

நாற்பது. நாற்பது ஆள் இல்லை போல, நர்ஸ் ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நாற்பத்து ஒன்று என்றாள். பாடம் பண்ண இருந்த நேரத்தில் அஞ்சு நிமிஷம் குறைந்துவிட்டது. கூப்பிட்டு வராத நாற்பது யார், டீ குடிக்கப் போயிருக்கும், போன மாசம் வரை வந்த ஆளாக இருக்கும், வேற எதுவும் நினைக்க வேண்டாம். அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள். குழாய்க்குப் பக்கத்தில் தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு அம்மா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். துணிக்குக் கீழே காதோரத்தில் புது மயிர் குருத்துவிட்டிருந்தது, கோழிக்குஞ்சின் மேல் இருக்கிற மாதிரி. இவளைப் பார்த்ததும் நீங்க அந்தப் பூக்கார அம்மாவோட மருமகதானே என்று சிரித்தார். மணிமாலா அக்கா. தையல் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தொரு வயசு. அஞ்சு மாசத்துக்கு முன்னால் ஸ்கேன் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காகிதங்களை மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். ரெண்டு பேர் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது, இவர்களுக்கு ரெண்டரை சென்டி, அவர்களுக்கும் ரெண்டரை சென்டி, என்னங்க ரெண்டும் அக்கா தங்கச்சியா இருக்கும் போல என்று நாகஜோதி சொல்லி ரெண்டு பேரும் அந்த நேரத்திலும் சிரித்தார்கள். இப்போது அந்த அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்தெல்லாம் ஏற்றி முடிந்து, இன்று சும்மா காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறார். நேரத்துல எடுத்துட்டாங்க, கக்கத்துக்குப் போகலை, போயிருந்தாக் கஷ்டம்னாங்க என்று சொல்லிவிட்டு, உங்க அத்தைக்கு எப்பப் பண்ணாங்க என்று கேட்டார். எப்பப் பண்ணாங்க. நாகஜோதி தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் இல்லைக்கா, மாத்திரைதான் என்றாள். அந்த அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் ஒரு நொடி பெஞ்சில் இருக்கிற ஒச்சம்மாவிடம் போய்விட்டுத் திரும்பியது. வயசானவங்க இல்ல, அதான் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். பதினோரு வயசு வித்தியாசம், அதில் ஒருத்திக்கு முடி முளைக்கிறது.

கக்கத்துக்குப் போகலை. போயிருந்தாக் கஷ்டம். பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த ரெண்டு வரியும் கூடவே வந்து உட்கார்ந்தன. போன வாரம் ஒச்சம்மா கொடியில் துணி போடக் கையைத் தூக்கியவள் பாதியில் கையை இறக்கி மற்ற கையால் போட்டாள். பார்த்தாயா, பார்த்தேன். கேட்டாயா, கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வீட்டில் இப்போதெல்லாம் யாரும் எதையும் கேட்பதில்லை. ரெண்டாவது மாசமே நாகஜோதி புருஷனிடம் சொல்லிவிட்டாள், வயசு தப்பு, அதனாலதான் ஆபரேஷன் வேணாங்கிறாங்க, போய்ச் சொல்லிருவோம் என்று. ஜெயபாண்டி லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைப் பிழிந்து பிழிந்து, தண்ணீர் சொட்டாத பிறகும் பிழிந்தான். இப்பப் போயி வயசு தப்புன்னா இன்சூரன்ஸ் அட்டையும் அதே வயசு, அதுவும் செல்லாம போகும், பென்ஷனை நிறுத்துவாங்க, யாரு எழுதினதுன்னு கேட்டு ஒன்னையத்தேன் கூப்புடுவாங்க. அப்புறம் குரலை இறக்கி, அறுத்தாத் தாங்குமா அது என்றான். கடைசியில் சொன்னதுதான் முதல் காரணம் என்று இவளுக்குத் தெரியும். அவனுக்கு அம்மாவைப் பச்சைத் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கத் தெம்பில்லை. டாக்டரே வேண்டாம் என்று சொன்னது அவனுக்கு ஒரு நிழல், அதில் போய் உட்கார்ந்துகொண்டான். இவளும்தான் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள், பொய் சொல்ல வேண்டாம். கேஸ் என்று வந்தால், கைக்குழந்தையோடு எந்த ஆபீஸ் படியேறுவது என்று எத்தனை நாள் படுத்துக்கொண்டே யோசித்திருக்கிறாள். அதற்குள் வேறொன்று நடந்தது. அதுதான் இவளை இப்போது பயமுறுத்துகிறது. எழுபத்து மூணு, எழுபத்து மூணு என்று சீட்டில், மாத்திரை ஜன்னலில், ஸ்கேன் அறையில் கேட்டுக் கேட்டு வீடே அதை நம்ப ஆரம்பித்துவிட்டது. பூப்பறிக்கப் போகாதே என்று நிறுத்தினான் ஜெயபாண்டி. உட்கார்ந்து குளிக்கப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்தான். குடத்தைத் தூக்கினால் நாகஜோதியே ஓடிப்போய்ப் பிடுங்கினாள். ரெண்டு மாசம்தான் ஆகிறது, பஸ்ஸில் ஏறும்போது இன்று ஒச்சம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் நின்றாள், அடுத்த படிக்கு யோசித்தாள். பின்னால் இருந்தவர்கள் பாட்டிக்கு வழிவிடுங்கப்பா என்றார்கள். இவள் பாரத்தில் எழுதிய வருஷம் அட்டைக்குப் போய், அட்டையிலிருந்து இறங்கி, இப்போது ஆள் மேலேயே ஏறிக்கொண்டிருக்கிறது. முதுகில் ஏறிவிட்டது, கால் முட்டிக்கு வந்துவிட்டது, இன்னும் எங்கே போக இருக்கிறது.

நாற்பத்து ரெண்டு. பினாயில் வாசனை மூக்குக்குள் குத்தியது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் டக் டக் என்று ஏதோ எண்ணுகிற மாதிரி இருந்தது. ஒச்சம்மா மடியில் கிள்ளிய நூலெல்லாம் ஒரு சின்னக் குவியலாகிவிட்டது. அதை அள்ளிப் பைக்குள்ளேயே போட்டாள், தரையில் போடவில்லை. ஏத்தா, இன்னைக்கு என்ன சொல்வாக என்று கேட்டாள். இதுவரை கேட்டதே இல்லை. மாத்திரை குடுப்பாங்கத்தை. மாத்திரை குடுக்கட்டும், அது கரையலையே. நாகஜோதி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒச்சம்மா இவளைப் பார்க்கவில்லை, கதவுக்கு மேலே இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுத்து தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும். கரையலை என்பதை இவள் தனியாக அஞ்சு மாசம் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள், அந்த மனுஷியும் அதே எடையைத் தன் பங்குக்குச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்திருக்கிறாள். நாற்பத்து மூணு, ஒச்சம்மாள், எழுபத்து மூணு வயசு என்று நர்ஸ் கூப்பிட்டாள். பெயரையும் வயசையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாள், ஒரே பெயரில் ரெண்டு பேர் வந்து மாறிவிடக் கூடாது என்று.

உள்ளே டாக்டர் மாறியிருந்தார். ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேஜையில் பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட். பாட்டி ஸ்டூல்ல உக்காருங்க என்றாள் நர்ஸ். டாக்டரம்மா காகிதத்தைப் படித்தார், எழுபத்து மூணு, அஞ்சு மாசமா மாத்திரை, சரி, சாப்பிடுறாங்களா. கேள்வி நாகஜோதியிடம்தான் வந்தது. வாய் ஒட்டிக்கொண்டது. அதே பசை, அதே மேஜை. சாப்பிடுறாங்க என்பது தொண்டைக்கு வந்துவிட்டது, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அப்போது வெளியே வராந்தாவில் யாருடைய குழந்தையோ வீரிட்டு அழுதது. யார் குழந்தை என்று மார்புக்கு எங்கே தெரியும். நரம்பெல்லாம் சுரீரென்று இழுத்து, நிற்காமல், கேட்காமல், பால் பீறிட்டு ஜாக்கெட்டை நனைத்தது. ரெண்டு பக்கமும் சூடாக இறங்கியது. நாகஜோதி முந்தானையை இழுத்தாள், போதவில்லை, வெட்கமும் பயமும் எல்லாம் சேர்ந்து எதையும் அடக்கிப் பிடிக்க முடியாத அந்த நொடியில் அதுவும் கூடவே வெளியே வந்துவிட்டது. எழுபத்து மூணு இல்லைங்க டாக்டர். அறுபத்து ரெண்டு. நான்தான் தப்பா எழுதினேன். டாக்டரம்மா நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். என்ன எழுதினீங்க? நாகஜோதி வாயைத் திறப்பதற்குள் ஒச்சம்மா முந்திக்கொண்டாள். "நாந்தேன் கூட்டிப் போடச் சொன்னேன் டாக்டரம்மா. இது அப்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, சொன்னதை எழுதுச்சு. இது மேல தப்பில்லை." அவள் அப்படிச் சொல்லவே இல்லை. நீயே பாத்துப் போடு என்றுதான் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகச் சிரிப்புக்கு மட்டுமே பேசிய ஒன்றை, யோசிக்காமல், ஸ்டூலில் நேராக உட்கார்ந்துகொண்டு தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஏன் இத்தனை நாள் சொல்லலை என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா காகிதங்களைத் தன் பக்கம் இழுத்தார். அவர் பழைய பக்கங்களைத் திருப்பினார், ஒன்று, ரெண்டு, மூன்று, அஞ்சு மாசத்துக்கும் அஞ்சு வரி. கை வைத்துப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நாற்காலியை ஒச்சம்மா பக்கம் திருப்பி, என்ன வேலைம்மா பாக்குறீங்க என்று கேட்டார். பூப் பறிப்பேன், ரெண்டு மாசமா விடமாட்டேங்குறாக. மூச்சு வாங்குமா, சுகர் இருக்கா, மாடி ஏறுவீங்களா. எங்க ஊருல மாடி எங்க இருக்கு, வரப்பு ஏறி இறங்குவேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒச்சம்மாவுக்கு வரவில்லை. அவள் ஒரு விரலால் மேஜையில் இருந்த காகிதத்தைத் தொட்டாள்.

"ஒண்ணு கேக்குறேன் டாக்டரம்மா. நெசமாவே எழுபத்து மூணா இருந்தா, இந்த மாத்திரையோட விட்டுருவீகளா?"

டாக்டரம்மா நர்ஸ் கையில் இருந்த அடுத்த சீட்டைப் பார்த்தார், வெளியே இருக்கிற கூட்டத்தைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். "விடக் கூடாதும்மா" என்றார். பிஸ்கட் பாக்கெட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "ஆனா விட்டுடுறோம்" என்றார். அப்புறம் எழுந்து கையைக் கழுவினார். வயசு தப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, கூடப் பிறந்தவங்க சர்டிபிகேட் ஏதாவது இருந்தா அடுத்த தடவை கொண்டுவாங்க, மற்றதை நான் பேசிக்கிறேன், முதல்ல உள்ள வாங்கம்மா, பாத்துடலாம் என்று ஒச்சம்மாவை அழைத்துக்கொண்டு பச்சைத் திரைக்குப் பின்னால் போனார். நர்ஸ் பாட்டி என்று ஆரம்பித்து, நிறுத்தி, ரவிக்கையைக் கழட்டுங்கம்மா என்றாள். இவ்வளவுதானா என்று நாகஜோதிக்கு இருந்தது. போலீஸ் இல்லை, அதட்டல் இல்லை. இந்த ஒரு வார்த்தைக்கா அஞ்சு மாசம். உடம்பே லேசாகி, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. நனைந்த ஜாக்கெட் சில்லிட்டது. வெள்ளைத் தாளை மேஜையில் இழுத்துப் போட்டுப் பேனாவைப் பிடித்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்தும் எழுத்து அதே முத்து எழுத்தாகத்தான் விழுந்தது, அதற்கு என்ன தெரியும். திரைக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. மல்லி இப்ப என்ன விலைம்மா போகுது. முகூர்த்தத்துக்கு ஏறும், மத்த நாள் சீந்த ஆளில்லை டாக்டரம்மா. எங்க வீட்டுத் தொட்டியில ஒரு செடி வச்சேன், பூக்கவே மாட்டேங்குது. கவாத்துப் பண்ணணும், வெட்டி விடணும், பாவம்னு பாத்து வெட்டாம விட்டா அது பூக்காது. அப்படியா என்று சிரித்தார் டாக்டரம்மா. நாகஜோதியும் இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே எழுதினாள், எங்கள் அத்தை ஒச்சம்மாள் அவர்களின் வயது அட்டையில் தவறாகப் பதிவாகிவிட்டது. வலிச்சாச் சொல்லுங்கம்மா. வலிக்கலை. இங்க? அங்கயும் வலிக்கலை. சரி, இந்தக் கையைத் தலைக்கு மேல தூக்குங்க. உண்மையான வயது என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தாள். இன்னும் கொஞ்சம் தூக்குங்கம்மா. அப்புறம் திரைக்குப் பின்னால் பேச்சு நின்றது. மல்லிகை நின்றது, விலை நின்றது. நர்ஸின் வளையல் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. மின்விசிறி டக் டக் என்றது, வெளியே குழந்தையின் அழுகைகூட எப்போதோ ஓய்ந்திருந்தது. எத்தனை நாளா இது கக்கத்துல இருக்கு என்று டாக்டரம்மா கேட்டார், சிரித்த குரல் இல்லை அது. ஒச்சம்மாவின் பதில் இந்தப் பக்கம் கேட்கவில்லை. ஆறு போட்டாயிற்று. பக்கத்தில் ரெண்டு போட வேண்டும். யாராவது ஏதாவது பேசட்டும், எதையாவது, பூ விலையையாவது பேசட்டும் என்று நாகஜோதி பேனாவைத் தாளில் வைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.